பூஜ்யமாவது நாள்

கீச்சென்று அலாரம் கத்தியபோது நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வர வேண்டும், அது என் பழக்கம். முக்கால்வாசி வந்திருந்தது. மீதியையும் உரித்து, சுருளை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் திரையைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, காலை மணி பதினொன்று இருபது.

"முதல்லேர்ந்து எழுதிக் குடுங்க, ஒண்ணும் விடாதீங்க" என்று நீங்கள் சொன்னதால் இங்கிருந்து தொடங்குகிறேன், மேடம். ஒன்றும் விடாமல் வைத்துக்கொள்வதுதான் பதினோரு வருடமாக என் தொழில். நல்ல பேனா கொடுத்தீர்கள், நன்றி. உங்கள் பக்கத்தில் ஒரு காகிதத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு பக்கமாக எழுதித் தரத் தர வாங்கிப் படிக்கிறீர்கள். சில இடங்களில் பென்சிலால் கோடு போடுகிறீர்கள். போடுங்கள்.

என் வேலை ஆஸ்பத்திரியின் பதிவுகளைக் காப்பது. ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை முடிவு, வார்டு கேமராக்கள், நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்துகிற பம்ப் எழுதும் கணக்கு, எல்லாம் அடித்தளத்தில் ஒரு குளிரறையில் இருக்கும் பெட்டிக்கு வந்து சேரும். நான் இருப்பது தரைத்தளத்தில், ஸ்ட்ரெச்சர் லிப்டுக்குப் பக்கத்து அறை. பெட்டிக்குள் எட்டு டிஸ்க்குகள் ஒரே வரிசையில் செருகியிருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். ரெய்டு என்று எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்தீர்கள். இது கதவைத் தட்டுகிற அந்த ரெய்டு இல்லை. எட்டுப் பேர் வேலை செய்யும் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் திடீரென்று போய்விட்டால், மற்ற ஏழு பேரும் சேர்ந்து அவர் கையில் என்ன வேலை இருந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். புதிதாக ஓர் ஆளைப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது முடிவதற்குள் இன்னொருவரும் போய்விட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை அலாரம் சொன்னது, ஒருவர் போய்விட்டார் என்று. அது தானாகப் போனது. அதில் என் கை இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலாரத்துக்குப் பிறகு நடந்தது புரிய வேண்டுமானால் பூஜ்யத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்பது என்னோடு வேலை பார்த்தவனின் பட்டப்பெயர். முப்பது வயதிருக்கும். சேமிப்பு மென்பொருள் விற்கிற நிறுவனத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்பு எங்களிடம் வந்தான். மென்பொருள் எதையும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும். எட்டு டிஸ்க்குகளுக்கு அது வைத்திருக்கும் எண்கள் பூஜ்யம் முதல் ஏழு வரை. அப்படியானால் டிஸ்க் மூன்று என்று திரை சொல்வது, கையால் எண்ணினால் நாலாவதாக வரும். பெட்டியில் பழுதைக் காட்டும் விளக்குகள் மூன்று வருடமாக எரிவதில்லை. நாங்கள் ஒட்டிய எண் சீட்டுகளும் குளிரில் பசை விட்டு உதிர்ந்துவிட்டன. அவன் வருவதற்கு முன்பு ஒரு தடவை, இந்தக் குழப்பத்தில் ஒரு பகல் முழுவதும் எடுத்த எக்ஸ்ரேக்கள் போயின.

வந்த முதல் வாரமே அவன் ஒரு விதி போட்டான். வெறுமனே 'மூணு' என்று சொன்னால் அது மென்பொருளின் மூன்று. 'மூணாவது' என்று சொன்னால் கையால் எண்ணுகிற மூன்று.

"அண்ணே, கூடிய வரைக்கும் அந்த 'ஆவது' வாலை ஒட்டாதீங்க. வால் ஒட்டினா ஆளே மாறிடுவான்" என்பான்.

யாராவது வால் ஒட்டிச் சொன்னால் திருப்பிக் கேட்காமல் கை வைக்க மாட்டான். கேலியாக ஆரம்பித்த பெயர்தான் பூஜ்யம். அவனே அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டான். "எங்க வீட்ல நான்தான் பூஜ்யமாவது பிள்ளை. எனக்கப்புறம்தான் தம்பி ஒண்ணு, தங்கச்சி ரெண்டு" என்று கேண்டீனில் சொல்லிச் சிரிக்க வைப்பான். எல்லோரையும் சிரிக்க வைப்பான். அது அவனுக்குச் சுலபமாக வரும்.

இனி என் மனைவி. உங்களிடம் அவள் பெயர் இருக்கிறது, நான் எழுத வேண்டாம். மூன்றாம் மாடி வார்டில் நர்ஸ். கல்யாணமாகி ஆறு வருடம். ஒரே கட்டடத்தில் வேலை என்றாலும் நான் அவள் வார்டுக்கு ஒரு நாளும் போனதில்லை. மருந்து வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. பணி முடிந்து அவள் கீழே இறங்கி வாசலுக்கு வர எட்டு நிமிடம் ஆகும். பதினொன்று ஆனால் ஏன் என்று கேட்பேன். அவளுடைய பணி அட்டவணை என் டைரியில் இருக்கும். அவள் அலமாரிச் சாவிக்கு ஒரு மறுசாவி என்னிடம் இருக்கும். அவள் போனுக்கு வரும் செய்திகள் என் போனுக்கும் வரும். இதைச் சந்தேகம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பிரதி. ஒரு பொருள் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் அது பாதி தொலைந்த மாதிரி என்று என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

மூன்று மாதம் முன்பு, காலையில் என் சாப்பாட்டு அடுக்கைக் கட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஏங்க, பூஜ்யமாவது டப்பாவுல ஆரஞ்சு வெச்சிருக்கேன். மறக்காம சாப்பிடுங்க."

நான் வீட்டில் ஆபீஸ் பேச்சுப் பேசுவதில்லை.

"இது எங்க கத்துக்கிட்டே?" என்று சும்மாதான் கேட்டேன்.

"உங்க ஆபீஸ் தம்பிதான். வார்டு கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தப்ப சொன்னாரு. அண்ணி, நீங்க மாத்திரை எண்ணும்போது மட்டும் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சிடாதீங்கன்னு. ஒரே சிரிப்பு."

ஒளிக்காமல் சொன்னாள். ஒளிக்காமல் சொல்வதும் ஒரு வகையில் ஒளிப்பதுதான். ஆனாலும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆரஞ்சைச் சாப்பிட்டேன்.

சம்பவத்துக்கு வருகிறேன். அலாரம் கத்தியதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் வார்டில், ஒன்பதாம் கட்டிலில் இருந்தவர் இறந்துபோனார். பேருந்து ஓட்டுநர், ஐம்பத்திரண்டு வயது, இரண்டு பெண்கள். இதயத்துக்கான மருந்து பம்ப் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. மணிக்கு ஐந்து மில்லி என்ற அளவில் போக வேண்டியது. அவர் மூச்சுத் திணறி எல்லோரும் ஓடி வந்தபோது பம்ப் ஐம்பது காட்டியது. ஒரு பூஜ்யம் கூடுதல். கடைசியாகப் பம்பில் கை வைத்தவள் இவள் என்று வார்டில் சொன்னார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் சமையலறையில், எரியாத அடுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சொன்னாள்:

"நான் அஞ்சுதாங்க போட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. யாரு என்ன சொன்னாலும் எனக்குப் பயமில்லை. கட்டிலுக்கு மேல கேமரா இருக்கு. பம்ப் எழுதின கணக்கு இருக்கு. எல்லாம் உங்க டிஸ்க்குலதானே இருக்கு. நீங்க இருக்கீங்க, நான் எதுக்குப் பயப்படணும்?"

தலையைத் தடவிக்கொடுத்தேன். "சாப்பிடு, பாத்துக்கலாம்" என்றேன்.

மறுநாள் காலை அந்த இரண்டு பெண்களும் ஆஸ்பத்திரி வாசல் படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அழவில்லை, கத்தவில்லை, உள்ளே போகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகம் ஒரு விசாரணைக் குழு போட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளைப் புதன் காலை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் மேனேஜர் எனக்குக் கடிதம் அனுப்பினார். கேமராப் பதிவும் பம்ப் கணக்கும் அந்த ஒரு பெட்டியில் மட்டும்தான் இருந்தன. முப்பது நாள் வைத்திருந்து அழித்துவிடுவோம். அதற்கெல்லாம் மறுபிரதி எதற்கு என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் குறையைப் போக்கத்தான் புது மென்பொருள் வரவிருந்தது. அதே புதன்கிழமை. பூஜ்யம் ஒரு திட்டம் எழுதி அச்செடுத்து என் அறைச் சுவரில் ஒட்டியிருந்தான். 'நாள் 1, புதன்' என்று ஆரம்பித்து ஆறு நாள் வேலை. திங்கட்கிழமை டீ குடித்துக்கொண்டே எனக்கு விளக்கினான்.

"இனிமே எதையாவது அழிக்கணும்னா ரெண்டு பேர் சாவி வேணும்ணே. உங்க சாவி மட்டும் போதாது, என் சாவி மட்டும் போதாது. தினம் ஒரு பிரதி எடுத்து வேற கட்டடத்துல பூட்டி வெச்சிடும். தொண்ணூறு நாளைக்கு அதை ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது. யாரு எந்தப் பதிவைத் திறந்தாங்கன்னு பேரோட மணியோட எழுதிக்கும். தப்பான டிஸ்க்கை உருவிட்டாக்கூட, திரும்பச் செருகினா விட்ட இடத்துலேர்ந்து பிடிச்சுக்கும்."

"நம்ம மேல அவ்வளவு நம்பிக்கையா?" என்றேன்.

"அட, நம்மளைக் காப்பாத்தத்தாண்ணே. நாளைக்கு யாராவது நம்ம தலையில பழியைப் போட்டா, இதுதான் சாட்சி."

பழைய மென்பொருளில் இதெல்லாம் கிடையாது. எங்கள் இருவருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். யார் என்ன செய்தாலும் 'நிர்வாகி செய்தார்' என்றுதான் எழுதும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு மென்பொருளுக்குச் சந்தேக புத்தி வந்தால் அதைப் பாதுகாப்பு அம்சம் என்று சொல்லி விற்கிறார்கள். அதுவே ஒரு மனிதனுக்கு வந்தால் குணக்கேடு என்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை. இங்கே நான் மனதைத் திறந்து எழுதுகிறேன். அந்தப் பதிவை நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்க என்ன அவசியம்? கட்டிய மனைவி சொன்னால் போதாதா? அவள் கவனமான நர்ஸ். பொத்தானை அழுத்திவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து எண்ணை வாய்விட்டுப் படிப்பாள். பிறகு காதில் செருகியிருக்கும் பேனாவை எடுத்து அட்டையில் எழுதுவாள். அப்படிப்பட்டவளும் மனுஷிதானே. ஒருவேளை விரல் தவறியிருந்தால்? பதிவு குழுவின் கைக்குப் போய், அதில் ஐம்பது என்று இருந்துவிட்டால் ஜெயில். பதிவே இல்லை என்றால், இவள் சொல்வது ஒரு பக்கம், அவர்கள் சொல்வது ஒரு பக்கம். கூடிப்போனால் வேலை போகும், வீட்டில் இருப்பாள். ஒரு கணவன் இப்படித்தான் யோசிப்பான். இதில் எங்கே கோடு போட்டீர்கள் என்று தெரியவில்லை. பேனா என்ற இடத்திலா?

இப்படி யோசித்துக்கொண்டு ஆரஞ்சை உரித்தபோதுதான் அலாரம் கத்தியது. திரை சொன்னது: டிஸ்க் மூன்று பழுது.

பூஜ்யத்தை உள்போனில் கூப்பிட்டேன். மாற்று டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போகச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் குளிரறையிலிருந்து பேசினான். காற்றாடிகளின் இரைச்சலில் அவன் குரல் கத்துவது போல் கேட்டது.

"அண்ணே, வந்துட்டேன். எதை உருவ?"

"மூணாவதை உருவு."

"மூணா, மூணாவதா?"

"மூணாவது."

"வால் ஒட்டிச் சொல்றீங்க. கையால எண்ணுற மூணாவதுதானே? இடது பக்கத்துலேர்ந்து?"

"ஆமாப்பா."

"சரிண்ணே. நீங்க சொன்னா சரி."

அவ்வளவுதான், மேடம். நான் எதையும் உடைக்கவில்லை, எரிக்கவில்லை. ஒரு சொல்லுக்கு வால் ஒட்டினேன். அவன் தன் விதிப்படி நல்ல டிஸ்க் ஒன்றை உருவினான். ஏற்கனவே ஒன்று போயிருந்தது, இப்போது இரண்டு. திரையில் எட்டுக் கட்டங்களும் சிவப்பாயின.

நான் கீழே போனேன். அவன் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது. "திரும்பச் செருகிட்டேன், எடுத்துக்க மாட்டேங்குது, மறுபடி உருவினேன்" என்று உளறினான். "நீ மேல போய் மேனேஜர்கிட்ட சொல்லு, நான் பாக்கறேன்" என்று அனுப்பினேன். அவன் படியேறியதும் டிஸ்க்கைச் செருகி, குளிரறையில் இருந்த திரையில் 'எல்லாவற்றையும் புதிதாக அமைக்கவா' என்பதற்கு ஆம் என்று அழுத்தினேன். பழைய மென்பொருள் ஒரே தடவைதான் கேட்கும். மரியாதை தெரிந்தது.

மேனேஜர் வந்து, எதை உருவச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"மூணுன்னு சொன்னேன், சார்" என்றேன்.

பூஜ்யம் என்னைப் பார்த்தான். "அண்ணே, நான் ரெண்டு தடவை திருப்பிக் கேட்டேனே."

"கேட்டே. ரெண்டு தடவையும் மூணுன்னுதானே சொன்னேன்."

அவன் சண்டை போடவில்லை. இடது கையை விரித்து, ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணிப் பார்த்தான். பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு. உதடு மட்டும் அசைந்தது. தனக்கே எண்ணத் தெரியவில்லையோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

ஆனால் வெளியே போகுமுன் மேனேஜரிடம் ஒன்று சொன்னான். "சார், புது மென்பொருள் இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கே ஒத்திகையா ஓட ஆரம்பிச்சிருச்சு. ஞாயித்துக்கிழமைப் பதிவு பூட்டின பிரதியில இருக்கும். இன்னிக்குத்தான் பூஜ்யமாவது நாள்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "பூஜ்யமாவது நாளா? அது எந்தக் காலண்டர்லப்பா இருக்கு?"

நான் சுவரில் இருந்த திட்டத்தைக் கிழித்து வந்து காட்டினேன். நாள் 1, புதன். நான் பொய் சொல்லவில்லை, மேடம். அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒன்றுக்கு முன்னால் ஒரு நாள் வைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருடம் அவனோடு வேலை பார்த்தும் தோன்றவில்லை. அவனோ அதைச் சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்திருக்கிறான். அண்ணனுக்குத் தெரியாதா என்று.

அன்று மத்தியானமே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிரதியைத் திறக்க அவன் சாவியும் விற்ற நிறுவனத்தின் சாவியும் வேண்டும். எழுத்தில் ஆணை இல்லாமல் நிறுவனம் தன் சாவியைத் தராது. ஆணை கேட்க மேனேஜருக்கு நேரமில்லை. இல்லாத பிரதிக்கு எதற்கு ஆணை என்று நானும் சொன்னேன்.

பிறகு கேண்டீனில் ஒரு பேச்சுக் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை பூஜ்யம் மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தான், நர்ஸைக் காப்பாற்றத்தான் வேண்டுமென்றே டிஸ்க்கை உருவினான், இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று. அவள் ஐந்துதான் போட்டாள், பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று அவன் குழுவிடம் போய்ச் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. சொல்லாமல் இருப்பானா என்றார்கள். அந்தப் பேச்சை நான் கிளப்பவில்லை. மறுக்கவும் இல்லை. என்னிடம் வந்து அனுதாபம் சொன்னவர்களிடம், "விடுங்க, என் தலையெழுத்து" என்று மட்டும் சொன்னேன்.

பத்தொன்பது நாள் அவள் வீட்டில் இருந்தாள். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். மறைக்காமல் எழுதுகிறேன், அந்தப் பத்தொன்பது நாளும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எட்டு நிமிடம், பதினொரு நிமிடம் என்று கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. காலையில் எங்கே விட்டுப் போனேனோ சாயங்காலம் அங்கேயே இருப்பாள். துணி துவைக்கிற மெஷினுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், கண்டவர்கள் கண்டபடி பேசுவார்களே என்று. தினமும் ஒரு கேள்விதான் கேட்பாள்.

"இன்னிக்காவது ஏதாவது மீட்க முடிஞ்சுதாங்க?"

"முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கேன்மா."

"உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அதை அவள் சொல்லும்போது கேட்க நன்றாக இருக்கும். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு நாள் மட்டும், "அந்தத் தம்பி பிரதி இருக்குன்னு சொல்றாராமே. நீங்க ஒரு தடவை அவரைப் பார்த்துப் பேசக் கூடாதா?" என்றாள். வீட்டை விட்டு வெளியே போகாதவளுக்கு இது எப்படித் தெரிந்தது? பால்காரர் சொன்னாராம். மறுநாளிலிருந்து பாலை நானே போய் வாங்கி வந்தேன்.

இருபதாம் நாள் போலீஸ் வந்து அவளை அழைத்துப் போனது. செருப்பு மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் இருந்த அந்த வீட்டில் அவள் கேட்ட கடைசிக் கேள்வியும் அதேதான், ஏதாவது மீட்க முடிந்ததா என்று. நானும் அதே பதிலைச் சொன்னேன்.

அதற்கு மறுநாள்தான் இந்த வழக்கு உங்கள் கைக்கு வந்தது. நீங்கள் மேனேஜரைப் போல் சிரிக்கவில்லை. பூஜ்யமாவது நாள் என்றால் என்ன என்று அவனையே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் ஆணை அனுப்பினீர்கள். நேற்று இரண்டு சாவியும் ஒன்றாகத் திரும்பின. பதிவு முழுசாகக் கிடைத்துவிட்டது என்று நீங்கள் போனில் சொன்னதும், நானே வந்து எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை. இதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் ஒப்புதல் இது. டிஸ்க்கைத் தவறாக உருவ வைத்தது நான். 'ஆம்' என்று அழுத்தியது நான். பழியை அவன் மேல் போட்டதும் நான்தான். எல்லாம் என் மனைவியைக் காப்பாற்றுவதற்காக. அவள் மேல் எனக்கிருந்த பாசம் கண்ணை மறைத்துவிட்டது. கையெழுத்துப் போட்டு முடிக்கலாம் என்று நினைத்தேன்.

நீங்கள் இன்னும் ஒரு தாளை நகர்த்தி வைக்கிறீர்கள். இனி நீங்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் அப்படியே எழுதுகிறேன். விடுபட்டது என்று ஒன்றும் இருக்கக் கூடாது.

"உங்க மனைவி அஞ்சுதான் போட்டிருக்காங்க. பதிவுல தெளிவா இருக்கு. பத்து நிமிஷம் கழிச்சு டியூட்டி டாக்டர் அவசரத்துல வந்து மாத்தியிருக்கார். அவர் ஒத்துக்கிட்டார். உங்க மனைவியை இன்னிக்கு விட்டாச்சு."

"கடவுள் கண்ணைத் திறந்துட்டார், மேடம்" என்றேன். "எங்க இருக்கா?"

"பக்கத்து ரூம்ல."

"கையெழுத்துப் போட்டுடறேன். ஒரு பத்து நிமிஷம் அவகிட்டப் பேசலாமா? அவ போன் என்கிட்டதான் இருக்கு. குடுக்கணும்."

"போனை என்கிட்டக் குடுங்க. அவங்க உங்களைப் பார்க்க விரும்பலை. அவங்க அண்ணன் வந்திருக்கார், அவர்கூடப் போறாங்க. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வாங்கித் தரச் சொன்னாங்க."

சொல்லிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த காகிதத்தைத் திருப்பினீர்கள். யார் எந்தப் பதிவை எப்போது திறந்தார்கள் என்று புது மென்பொருள் எழுதிவைத்த பட்டியல். பூஜ்யமாவது நாள் பட்டியல். மூன்று வரிக்குக் கீழே பென்சில் கோடு. காலை பத்து ஐந்து, பத்து இருபது, பத்து நாற்பத்தொன்று. மூன்று வரியிலும் ஒன்பதாம் கட்டில் கேமரா. மூன்று வரியிலும் என் மேசைக் கம்ப்யூட்டரின் பெயர்.

"அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே மூணு தடவை பார்த்திருக்கீங்க. அவங்க மேல தப்பில்லைன்னு முதல் தடவையே தெரிஞ்சிருக்கும். அப்புறம் எதுக்கு அழிச்சீங்க? மூணு தடவை எதுக்குப் பார்த்தீங்க?"

அந்தப் பதிவில் ஒலி கிடையாது, மேடம். படம் மட்டும்தான். அதுதான் பெரிய குறை. பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் பதில் சொன்னேன். சொன்னதை இப்போது எழுதுகிறேன்.

"முதல் தடவை, அவ சரியா போட்டாளான்னு பார்த்தேன். மத்த ரெண்டு தடவை, அவன் என்ன சொன்னதுக்கு அவ அப்படிச் சிரிச்சான்னு பார்த்தேன்."